சத்தியமா, உறுதிமொழியா என்று கேட்கத் தெரிந்த ஓர் ஆபீஸ்

சத்தியப் பத்திரத்துக்கு முத்திரை போடுகிற கமிஷனர் ஃபார் ஓத்ஸ் ஆபீசுக்கெல்லாம் யாராவது ரிவியூ எழுதுவார்களா என்று தங்கை சிரித்தாள். சிக்கன் ரைஸ் கடைக்கு எழுதுகிறோம், முடிவெட்டுகிற இடத்துக்கு எழுதுகிறோம், ஆளுக்கு 25 வெள்ளி வாங்கிக்கொண்டு நம் வாயிலிருந்து சத்தியத்தையும் வாங்குகிற இடத்துக்கு எழுதக் கூடாதா? எழுதுகிறேன். 5-க்கு 4. அந்த ஒன்று எதற்குக் குறைந்தது என்பது கடைசியில்.

சிங்கப்பூரில் சைனாடவுன் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், பீப்பிள்ஸ் பார்க் சென்டர் மாடியில் இருக்கிற ஒரு சின்ன வக்கீல் ஆபீஸ் இது. அந்தக் கட்டடத்தில் இப்படி நிறைய ஆபீஸ் உண்டு, பெயர் போடாமல் சொன்னால் எது என்று கண்டுபிடிக்க முடியாது, தெரியும். ஆனால் இதே பதிவில் வேறோர் ஆபீசைத் திட்டப்போகிறேன், அதன் பெயரைப் போட எனக்கு விருப்பமில்லை. திட்டும்போது பெயரை மறைத்துவிட்டுப் பாராட்டும்போது மட்டும் போட்டால் காசு வாங்கிக்கொண்டு எழுதியது மாதிரி இருக்கும். இரண்டும் பெயரில்லாமலே இருக்கட்டும். நல்ல இடம் எது என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும், அது கீழே வருகிறது.

இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கோர்ட்டுக்குப் போகிற அஃபிடவிட், இன்சூரன்ஸ்காரன் கேட்கிற ஸ்டாட்யூட்டரி டிக்ளரேஷன், இதெல்லாம் நாம் வீட்டில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் செல்லாது. சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா நியமித்த ஒரு கமிஷனர் முன்னால் நின்று, இதில் எழுதியிருப்பது உண்மை என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பாலும் அவரும் ஒரு வக்கீல்தான். ஆனால் நம் காரியத்தைப் பார்க்கிற வக்கீல் தானே எழுதித் தானே முத்திரை குத்திக்கொள்ள முடியாது, சம்பந்தமில்லாத வேறோர் ஆபீசுக்கு அனுப்பிவிடுவார்.

எங்கள் காரியம் அப்பாவுடையது. போன வருடம் காலமானார், உயில் எழுதவில்லை. 'நான் என்ன கோடீஸ்வரனா' என்று சொல்லிச் சொல்லியே எழுதாமல் போய்விட்டார். கொஞ்சம் பேங்க் பணம், பழைய ஷேர், அவ்வளவுதான். அதை எடுக்க அம்மாவுக்குத்தான் முதல் உரிமை, ஆனால் அவருக்கு 74 வயது, ஆங்கிலம் வராது, அதனால் தங்கையையும் சேர்த்து இரண்டு பேரை நிர்வாகிகளாகப் போடலாம் என்று எங்கள் வக்கீல் சொன்னார். அதற்குப் போடுகிற பத்திரத்தின் பெயரே அட்மினிஸ்ட்ரேஷன் ஓத். பெயரிலேயே சத்தியம் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு மாரியம்மன் என்றால் உயிர். தங்கை கல்யாணத்துக்குப் பிறகு சபைக்குப் போகிறவள், அதுவும் சும்மா ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் வருகிற ஆள் இல்லை, படித்து யோசித்துப் போகிறவள். மலைப் பிரசங்கத்தில் இயேசு சத்தியமே பண்ண வேண்டாம், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று இருங்கள் என்கிறார் அல்லவா, அதை எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொண்டவள். ஆக, சாமி மேல் சத்தியம் செய்தால்தான் சத்தியம் என்று நினைக்கிற இந்து அம்மா ஒருவர், சாமி பேரைச் சொல்லிச் சத்தியமே செய்யக் கூடாது என்கிற கிறிஸ்தவ மகள் ஒருத்தி. இந்த இரண்டு பேரையும் டாக்சியில் ஏற்றிக்கொண்டு முதல் ஆபீசுக்குப் போனேன்.

முதல் ஆபீஸ் நகரத்தின் நடுவில், பளபளவென்று, ஏசி குளிரில் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கவுண்டரில் இருந்த பையன் பத்திரத்தை வாங்கினான், நிமிர்ந்து பார்க்காமல் ஒரே வார்த்தை கேட்டான்: "ரிலிஜன்?"

அம்மாவைக் காட்டி இந்து என்றேன். "ஓகே, அஃபர்ம்." அதாவது சாமி பேர் இல்லாத உறுதிமொழி. தங்கை கிறிஸ்டியன் என்றாள். "ஓகே, ஸ்வேர்." அதாவது சத்தியம். இழுப்பறையைத் திறந்து ஒரு பைபிளை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தான். உணவங்காடியில் சைவத்துக்கு ஒரு தட்டு, அசைவத்துக்கு ஒரு தட்டு எடுத்து வைப்பார்களே, அதே வேகம்.

தங்கை, நான் ஸ்வேர் பண்ண மாட்டேன், அஃபர்ம் பண்ணிக்கொள்கிறேன் என்றாள். பையன் முதல் தடவையாக நிமிர்ந்தான். நீங்கள் கிறிஸ்டியன்தானே என்றான். ஆமாம், அதனால்தான் வேண்டாம் என்கிறேன் என்றாள். அவனுக்குப் புரியவில்லை. உள்ளே போனான், வந்தான், பத்திரத்தில் ஸ்வேர் என்று மாற்றியாகிவிட்டது, வேண்டாம் என்றால் இன்னொரு நாள் வாருங்கள் என்றான். அதற்குள் இந்தப் பக்கம் அம்மா என் கையைப் பிடித்து இழுக்கிறார்: "என்னப்பா, சாமி படம் ஒண்ணையும் காணோம்? அவளுக்கு மட்டும் வேதப்புத்தகம் எடுத்து வைக்கிறான், எனக்கு ஒண்ணும் இல்லையா? சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லு, பண்றேன்."

நினைத்துப் பாருங்கள். வேண்டும் என்பவருக்குக் கிடையாது, வேண்டாம் என்பவளுக்குக் கட்டாயம். மதத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு நடந்த குழப்பம் இது.

அம்மாவுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று சொன்னபோது, நீங்கள் மகன்தானே, நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். நானும் முட்டாள்தனமாக, பத்துப் பக்கத்தை இரண்டு நிமிடத்தில் 'அப்பா காசு விஷயம்மா, உண்மைன்னு சொல்லும்மா' என்று முடித்தேன். அம்மா கையைத் தூக்கினார், கைரேகை மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டார், பணம் கட்டினோம். தங்கை வாசலிலேயே நின்றுகொண்டாள். சாயங்காலம் எங்கள் வக்கீல் போனில் கிழித்துவிட்டார். சொத்தில் பங்கு இருக்கிற மகன் எப்படி மொழிபெயர்க்கலாம், இது செல்லாது, மறுபடியும் போங்கள் என்று. காசும் போச்சு, அரை நாள் லீவும் போச்சு. அதைவிட, வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அம்மாவும் தங்கையும் டாக்சியில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பன்னிரண்டு வருடமாக அவர்களுக்குள் அடங்கிக் கிடந்த ஒன்றை அந்தப் பையன் ஒரு இழுப்பறையைத் திறந்து எடுத்து வெளியே வைத்துவிட்டான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஓத்ஸ் அண்ட் டிக்ளரேஷன்ஸ் ஆக்ட், 2000-ல் வந்தது, சின்னச் சட்டம்தான், படிக்கலாம். அதில் சொல்வது இது: சத்தியம் செய்ய வேண்டிய ஒருவர் இந்துவாகவோ முஸ்லிமாகவோ அல்லது சத்தியம் கட்டுப்படுத்தாது என்கிற வேறு மதத்தவராகவோ இருந்தாலோ, அல்லது சத்தியம் செய்ய அவர் மனச்சாட்சி இடம் தராவிட்டாலோ, அதற்குப் பதிலாக உறுதிமொழி எடுக்கலாம். எடுக்கலாம், கவனியுங்கள், எடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை. மனச்சாட்சி என்ற சொல்லும் அங்கேயே இருக்கிறது. தங்கை கேட்டது சட்டத்தில் அச்சடித்தே இருக்கிற உரிமை. பையன் அந்தப் பிரிவின் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் பண்ணியிருக்கிறான்.

இந்து, முஸ்லிம் என்று பெயர் சொல்லியே எழுதியிருப்பது எனக்கு விசித்திரமாகப் பட்டது. கொஞ்சம் பின்னால் போனால் புரிகிறது. ஆங்கிலேயக் கோர்ட்டுக்கு ஒரு காலத்தில் பைபிளைத் தொடாதவன் சாட்சியே இல்லை. 1744-ல் ஓமிசந்த் என்கிற கல்கத்தா வணிகரின் வழக்கில், வங்காளத்து இந்துக்கள் பிராமணர் காலைத் தொட்டுச் சத்தியம் செய்து கொடுத்த சாட்சியை லண்டன் கோர்ட் ஏற்றுக்கொண்டது பெரிய செய்தியாக இருந்தது. பிறகு இந்தியாவில் கும்பெனி ஆட்சி கங்கை நீரைக் கொடுத்தும் குரானைக் கொடுத்தும் சத்தியம் வாங்கிக்கொண்டிருந்தது, அதை 1840-ல் ஒரு சட்டம் போட்டு நிறுத்தி, இந்துக்களும் முஸ்லிம்களும் வெறும் உறுதிமொழி சொன்னால் போதும் என்று ஆக்கினார்கள். அப்போது நம் ஊரும் கல்கத்தாவிலிருந்துதான் ஆளப்பட்டது, 1867 வரைக்கும். அந்த வாசனைதான் இன்னும் அடிக்கிறது என்று நினைக்கிறேன். அப்பா பெட்டியில் கிடந்த பழைய ரூபாய்த்தாள் மாதிரி.

உறுதிமொழி என்றதும் சாமி இல்லை என்பவர்களின் ஏற்பாடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதுவும் பாதிதான் உண்மை. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு 1880-ல் ஜெயித்து வந்த சார்ல்ஸ் பிராட்லா என்கிற நாத்திகர், தேர்தலில் திரும்பத் திரும்ப ஜெயித்தும் 1886 வரை உட்கார முடியாமல் அலைந்தார், 1888-ல்தான் யார் வேண்டுமானாலும் சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி எடுக்கலாம் என்று சட்டம் வந்தது. ஆனால் அதற்குக் கிட்டத்தட்ட இருநூறு வருடத்துக்கு முன்பே, 1695-ல், குவேக்கர்களுக்கு அந்த வசதி கிடைத்துவிட்டது. அவர்கள் யார் தெரியுமா? இயேசு சத்தியம் பண்ண வேண்டாம் என்றார், பண்ண மாட்டோம் என்று ஜெயிலுக்குப் போன கிறிஸ்தவர்கள். என் தங்கை மாதிரி. கதவைத் திறந்தவர்களே பக்தர்கள்தான், நாத்திகர்கள் பிறகு அதே வழியாக வந்தார்கள்.

இதைத் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அது போதும்.

இரண்டு வாரம் கழித்துத்தான் பீப்பிள்ஸ் பார்க் சென்டர். எங்கள் வக்கீலே சொல்லி அனுப்பினார். உள்ளே போனால் ஏழெட்டுப் பேர், நாலே நாற்காலி, ஒரு மூலையில் கோப்புகள் கூரை வரைக்கும். ஒரு வயதான சீன அம்மா கவுண்டரில் இருந்தார். பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஸ்வேர் ஆர் அஃபர்ம்? யூ சூஸ்." அவ்வளவுதான். மதம் என்ன என்று கேட்கவில்லை. கேள்வி அதே இடத்தில்தான் வருகிறது, பதிலும் அதே இரண்டில் ஒன்றுதான், ஆனால் அந்தக் கேள்விக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒன்று நீ யார் என்று கேட்கிறது. இன்னொன்று உனக்கு எது வேண்டும் என்று கேட்கிறது. நல்ல ஆபீசைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி என்று மேலே சொன்னது இதைத்தான், போனிலேயே கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். தங்கை தொடக்கப்பள்ளி ஆசிரியை, தினமும் காலையில் திடலில் நின்று பிள்ளைகளோடு கையை மடக்கி நெஞ்சில் வைத்துத் தேசிய உறுதிமொழி சொல்கிறவள். சாமி பேர் இல்லாமல் சத்தியமா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், நீங்க குடியுரிமை வாங்குனப்ப என்னம்மா சொன்னீங்க, அதில சாமி இருந்துச்சா என்று கேட்டாள். அம்மா யோசித்தார். இல்லையே என்றார்.

இல்லைதான். தங்கை தினமும் சொல்கிற நம் தேசிய உறுதிமொழியிலும் இல்லை. 1966-ல் அதை எழுதியவர் ராஜரத்தினம், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த தமிழர், நம் முதல் வெளியுறவு அமைச்சர். அந்த வருடம் ஆகஸ்ட் 24-ல் பள்ளிகளில் சொல்ல ஆரம்பித்தார்கள். மதம் என்கிற சொல் அதில் இருக்கிறது, கடவுள் என்கிற சொல் இல்லை. ஒரு வருடம் முன்புவரை நாம் இருந்த மலேசியாவின் தேசிய கீதத்தில் இறைவன் உண்டு, 1970-ல் அவர்கள் போட்ட ருக்குன் நெகாராவில் முதல் கொள்கையே இறைநம்பிக்கை. ஜுபிர் சயித் நமக்கு எழுதிக் கொடுத்த தேசிய கீதமான மஜுலா சிங்கப்பூராவில் அது கிடையாது. நம் அரசியல் சாசனத்தின் பின்னிணைப்பில் அதிபருக்கு, அமைச்சருக்கு, எம்பிக்கு என்று தனித்தனி வாசகம் இருக்கிறது, அங்கேயும் கிடையாது. கட்டாய ராணுவ சேவையான நாஷனல் சர்வீசில் நானும் கத்திச் சொல்லியிருக்கிறேன், உயிரைக் கொடுத்தாவது காப்பேன் என்று, அங்கேயும் யார் சாமி மேலும் ஆணை இல்லை. அந்த வெயிலில் சாமியை நினைக்க எங்கே நேரம் என்பது வேறு விஷயம்.

தமிழில் அந்த உறுதிமொழி 'இனம், மொழி, மதம் ஆகிய வேற்றுமைகளை மறந்து ஒன்றுபட்டு' என்று வரும், நாமெல்லாம் தமிழ் வகுப்பில் ஒப்பித்ததுதான். அதில் 'மறந்து' என்ற சொல்லை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? ஆங்கிலத்தில் அது இல்லை, 'ரிகார்ட்லஸ் ஆஃப்' என்றுதான் இருக்கிறது, அதாவது எதுவாக இருந்தாலும் சரி என்று. மலாயில் 'திடாக் கீரா', கணக்கில் எடுக்காமல். சீனத்தில் பிரித்துப் பார்க்காமல். தமிழில் மட்டும் மறக்கச் சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால் ராஜரத்தினம் முதலில் எழுதிக் கொடுத்த வரைவில் அவரும் வேற்றுமைகளை மறப்போம் என்றுதான் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார், திருத்தி முடித்த வடிவத்தில்தான் அது மாறியது. தமிழ் வாசகம் அந்த முதல் வரைவின் நினைப்பை வைத்துக்கொண்டிருக்கிறது. அழகான சொல், ஆனால் எனக்கு இப்போது திருத்தியதுதான் பிடித்திருக்கிறது. என் அம்மாவால் மாரியம்மனை மறக்க முடியாது, தங்கையால் இயேசுவை மறக்க முடியாது, அவர்கள் மறக்கவும் வேண்டாம், கவுண்டரில் இருக்கிறவன் கேட்காமல் இருந்தால் போதும்.

அம்மாவுக்கு உடனே தமிழ்நாட்டு ஞாபகம் வந்துவிட்டது. 2021-ல் ஸ்டாலின் பதவி ஏற்றதை டிவியில் பார்த்தோமே, உளமார உறுதி கூறுகிறேன் என்றாரே, அவர்தான் சாமி கும்பிட மாட்டார், நான் கும்பிடுகிறவள், நான் எதற்கு அப்படிச் சொல்ல வேண்டும் என்றார். நல்ல கேள்வி. இந்திய அரசியல் சாசனத்தில் இரண்டு வாசகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, கடவுள் பெயரால் ஆணையிடலாம், உளமாரவும் உறுதி கூறலாம், யாருக்கு எது என்று கட்சியை வைத்து நாமே முடிவுசெய்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

எல்லாக் கதவும் இப்படி இரட்டைக் கதவாக இருப்பதில்லை என்பதையும் தங்கைதான் சொன்னாள். அவள் ஆசிரியை என்பதால் அந்தக் கதை தெரியும். இங்கே தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் ஓர் ஆசிரியர், யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்தவர், உறுதிமொழி சொல்ல மாட்டேன், தேசிய கீதம் பாட மாட்டேன் என்றார், வேலை போனது. 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது சரிதான் என்றது, இது மதச் சடங்கு இல்லை, அதனால் மதச் சுதந்திரம் இங்கே வராது என்கிற வழியில். இதே பிரிவுப் பிள்ளைகள் கொடி வணக்கம் சொல்ல மறுத்தபோது அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943-ல் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது, கேரளத்துப் பிள்ளைகள் மூன்று பேர் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்றபோது இந்திய உச்ச நீதிமன்றம் 1986-ல் அதையே சொன்னது. அமெரிக்காக்காரன் பிறகு தன் உறுதிமொழியில் கடவுளையும் கொண்டுவந்து சேர்த்தான், 1954-ல். 1892-ல் அதை எழுதியவர் ஒரு பாதிரியார், அவரே சேர்க்கவில்லை! ஆக அங்கே சாமி உண்டு, சொல்லாமல் இருக்கவும் விடுவார்கள். இங்கே சாமி இல்லை, ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும். இரண்டிலும் பாதி பாதி நல்லது என்று எனக்குப் படுகிறது. தங்கைக்கு அப்படிப் படவில்லை, பிள்ளைகளுக்கு ஒன்றாகச் சொல்ல ஏதாவது ஒன்று வேண்டும் அண்ணே என்றாள். அதற்குள் எங்கள் நம்பர் வந்துவிட்டது.

உள்ளே கமிஷனர் ஓர் இளம் வக்கீல், சீனப் பெண். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒரு அம்மா, அறுபதுக்கு மேல் இருக்கும், இவர்களே ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். அவரைப் பற்றித்தான் இந்த ரிவியூவே என்று சொல்லலாம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பத்திரத்தை முதல் வரியிலிருந்து தமிழில் படித்தார். அவசரமே இல்லை. பத்திரத்தில் 'டிசீஸ்ட்' என்று வருகிற இடத்திலெல்லாம் முதலில் இறந்தவர் என்றார், அம்மா முகத்தைப் பார்த்திருப்பார் போல, இரண்டாம் பக்கத்திலிருந்து 'உங்க வீட்டுக்காரர்' என்று மாற்றிக்கொண்டார். உங்க வீட்டுக்காரருக்கு இருக்கிற கடனையெல்லாம் முதலில் அடைத்துவிட்டு, மீதியைச் சட்டப்படி யார் யாருக்கு எவ்வளவோ அதைப் பிரித்துக் கொடுப்பீர்கள், கோர்ட் கேட்டால் கணக்குக் காட்டுவீர்கள், இதுக்குத்தாம்மா கையெழுத்து, புரியுதா என்றார். நான் இரண்டு நிமிடத்தில் முடித்ததற்கு அவர் இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். அம்மா நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, கடன்னா கோப்பிக்கடைக் கடனும் சேருமா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதையும் சிரிக்காமல் ஆங்கிலத்தில் வக்கீலிடம் சொன்னார், வக்கீலும் சிரிக்காமல், தெரிந்தால் கொடுத்துவிடுங்கள் அன்ட்டி என்றார்.

பிறகு அந்தக் கேள்வி. சத்தியமா, உறுதிமொழியா? அம்மா விடவில்லை. சாமி பேரைச் சொல்லாமல் செய்கிற சத்தியம் செல்லுமா என்று கேட்டார். மொழிபெயர்ப்பு போய் வந்தது. இரண்டுக்கும் ஒரே மதிப்பு, பொய் சொன்னால் தண்டனையும் ஒன்றுதான், கோர்ட் விஷயத்தில் பொய் சொன்னால் ஏழு வருடம்வரை ஜெயில், எது உங்களுக்குச் சரியோ அதைச் சொல்லலாம் என்றார் வக்கீல். அம்மா என்னைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்தார். "நீ எதச் சொல்லப் போற?" உறுதிமொழிம்மா என்றாள். அம்மா திரும்பி மொழிபெயர்ப்பாளரிடம், "அப்ப நானும் அதையே சொல்றேன். மனசுக்குள்ள அம்மனை நெனச்சுக்கலாமா?" என்றார்.

வக்கீல் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னது: "அன்ட்டி, மனதுக்குள் யாரை நினைத்தாலும் அதை நான் பத்திரத்தில் எழுத மாட்டேன்."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒன்று போலவே சொன்னார்கள், அம்மா தமிழில், தங்கை ஆங்கிலத்தில். இரண்டு பெயருக்குக் கீழேயும் 'அஃபர்ம்ட்' என்று ஒரே முத்திரை. முத்திரை விழுந்த தாளை அம்மா எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், மை காயவில்லை, நெற்றியில் கொஞ்சம் நீலம். தங்கை கைக்குட்டையை எச்சில் படுத்தித் துடைத்துவிட்டாள். அவர்கள் இரண்டு பேரும் இவ்வளவு கிட்டத்தில் நின்று நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

வெளியே வந்ததும் சவுத் பிரிட்ஜ் ரோடு கோயில் பக்கத்தில்தானே என்றார் அம்மா. மாரியம்மன் கோயில் அங்கிருந்து ஐந்தாறு நிமிட நடை, அம்மாவுக்குப் பத்து நிமிடம். அவர் உள்ளே போக, தங்கை வாசலில் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வரும்போது நெற்றியில் குங்குமம், கையில் சூட வாசனை. பண்ணிட்டீங்களா என்றாள் தங்கை. பண்ணிட்டேன், அங்க பண்ணுனது கோர்ட்டுக்கு, இது உங்கப்பாவுக்கு என்றார். மூன்று பேரும் சூலியா பள்ளிவாசலைத் தாண்டி வந்து ஒரு கோப்பிக்கடையில் உட்கார்ந்தோம்.

இனி கணக்கு. ஆளுக்கு 25 வெள்ளி, இணைப்புத் தாள் ஒவ்வொன்றுக்கும் 5 வெள்ளி, இது எல்லா இடத்திலும் இப்படித்தான், பேரம் பேசாதீர்கள். மொழிபெயர்ப்பாளருக்குத் தனி, எங்களுக்கு அது கொடுத்தாலும் தகும் என்று பட்டது. அடையாள அட்டை ஒரிஜினல் கொண்டுபோங்கள், போனில் இருக்கிற போட்டோவெல்லாம் வேண்டாம் என்றார்கள். பத்திரத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், எங்கள் முன்னால் நின்ற ஒருவர் போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் பிரிண்ட் எடுக்கக் கீழே ஓடினார்.

குறைந்த அந்த ஒரு நட்சத்திரம் நாற்காலிக்கு. 74 வயது ஆள் முக்கால் மணி நேரம் காத்திருக்கிற இடத்தில் நாலு நாற்காலி எப்படிப் போதும், நல்ல வேளை ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கதவை அடைத்துவிடுகிறார்கள், சனிக்கிழமை கிடையாது. லிஃப்டும் ரொம்ப மெதுவாக வருகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் தினமும் இருக்க மாட்டார், இரண்டு மூன்று நாள் முன்னாலேயே போன் பண்ணிச் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள், வயதானவர்கள் என்றால் காலையில் முதல் ஆளாக வரச் சொல்கிறார்கள், அப்போது உட்காரவும் இடம் கிடைக்கும்.